கால் பங்கு தழைச்சத்து

ஆய்வகத்தில் அம்மாவுக்குச் ‘சர்க்கரை அக்கா’ என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டு நோய்தான் போலிருக்கிறது என்று நினைத்து, எதைச் சாப்பிடலாம், எதைத் தொடவே கூடாது என்று அக்கறையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். அம்மா கடைசிவரை தலையாட்டிக் கேட்டாள். பிறகு மூலையில் இருந்த சர்க்கரை மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, “எனக்கு இவ்வளவு ஏறியிருக்கும்மா. பத்தியமெல்லாம் தாங்குமா?” என்று கேட்டாள்.

உருளைக்கிழங்கு விதை தயாரிக்கிற ஆய்வகம் அது. மண் கிடையாது. கண்ணாடிப் பாட்டில்களுக்குள் விரல் உயரச் செடிகள், அவற்றில் பட்டாணி அளவுக் கிழங்குகள். எந்த நோயும் ஒட்டாத அந்தக் குட்டிக் கிழங்குகளைத்தான் பிறகு பண்ணைகளில் விதைக்காகப் பெருக்குவார்கள். பாட்டிலுக்குள் மண்ணுக்குப் பதிலாக மீடியம் என்கிற கூழ் இருக்கும். தண்ணீர், உப்புகள், சர்க்கரை, உறைய வைக்க அகார் தூள். அந்தக் கூழைக் காய்ச்சி ஊற்றுவதுதான் அம்மாவின் வேலை. மீடியம் அறையை எல்லோரும் சமையல்கட்டு என்றே சொன்னார்கள்.

அம்மா அங்கே பாட்டில் கழுவத்தான் போனாள். அப்பா அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மாலையில் அம்மா வீட்டுக்கு வரும்போது விரல் இடுக்கெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும். சில வருடங்களில் மீடியம் காய்ச்சிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆய்வகப் பொறுப்பாளர், எல்லோருக்கும் ‘மேடம்’, கழுவும் தொட்டிப் பக்கம் வந்து நின்றார். “உன் கையில இதுவரைக்கும் ஒரு பாட்டில்கூட உடையல. தராசுப் பக்கம் வந்துடு” என்றார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

தராசு மூச்சுக்காற்றுக்கே ஆடும். எடை போடும்போது அம்மா மூச்சை அடக்கிக்கொள்வாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கும்போது, குடத்திலிருந்து தண்ணீர் சாய்க்கும்போது, மூச்சே இருக்காது. “மூச்சு விடும்மா, இங்க தராசு இல்ல” என்பாள் மகள். அம்மா புஸ்ஸென்று விட்டுச் சிரிப்பாள். அவள் புடவையில் எப்போதும் கருகிய சர்க்கரை வாசனை இருந்தது. டீயில் மட்டும் சர்க்கரை போட மாட்டாள். நாள் பூராவும் முகர்ந்ததே போதும் என்பாள்.

மகள் வேதியியல் படித்து நகரத்தின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

“நீ தண்ணியில என்ன கலந்திருக்குன்னு தேடற. நான் தண்ணியில கலக்கறேன்” என்றாள் அம்மா. “ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருந்தா போலீஸ்தான் வரணும்.”

கடைசியாக அம்மா கை வைத்தது ஒரு சோதனை. தழைச்சத்து எவ்வளவு இருந்தால் பாட்டிலுக்குள் கிழங்கு அதிகம் பிடிக்கும் என்று பார்ப்பதற்காகப் பொறுப்பாளர் தொடங்கியது. தழைச்சத்து என்பது நைட்ரஜன். முழு அளவு, பாதி, கால் பங்கு என்று மூன்று வகை மீடியம். மூன்றையும் அம்மாதான் காய்ச்சினாள்.

“ஏம்மா, செடிக்குப் போய் சாப்பாட்டக் குறைக்கறீங்க?” என்று மகள் கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

“தழைச்சத்து தாராளமா இருந்தா இலையும் தண்டுமா சொகுசா வளர்ந்துக்கிட்டே போகும். நாளைக்கு வேணுமேன்னு நெனைக்காது. அதக் குறைச்சுட்டு, சர்க்கரைய மட்டும் அள்ளிக் குடுத்து, குளிர்ல, இருட்டுல வெச்சுப் பாரு. பயந்துபோய்ச் சேத்து வெக்க ஆரம்பிக்கும். அந்தச் சேமிப்புதான் கிழங்கு.”

“பாவம்மா அது.”

“என்ன பாவம்? உங்கப்பாவக் கட்டிக்கிட்டு நான் அப்படித்தான் குடும்பம் பண்ணேன்.”

“எனக்குக் காது கேக்குது!” என்றார் அப்பா உள்ளேயிருந்து.

“கேக்கட்டும்னுதான் சொன்னேன்.”

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் அம்மா குளியலறை வாசலில் விழுந்தாள். மூளையில் கட்டி. அதில் ரத்தம் கசிந்திருந்தது. வாரம் திரும்புவதற்குள் போய்விட்டாள்.

மருத்துவமனையில் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். வயது குறைந்த டாக்டர், ஆனால் நிதானமாகப் பேசினார். “கொஞ்ச நாளாவே ஏதாவது தடுமாற்றம் தெரிஞ்சுதா? மறதி, செய்யற வேலையில குழப்பம், அந்த மாதிரி?”

“இல்ல டாக்டர்” என்றார் அப்பா. “அவ மில்லிகிராம்ல எடை போடறவ. குழப்பமாவது ஒண்ணாவது.”

டாக்டர் மகளைப் பார்த்தார். “இல்ல” என்றாள் மகளும்.

“சிலருக்கு முன்னாடியே காட்டிக்குடுக்கும். அப்ப வந்தா ஆபரேஷனுக்கு ஒரு வாய்ப்பு இருக்கும். சிலருக்கு ஒண்ணுமே தெரியாது. இவங்களுக்கு அப்படித்தான் போல” என்றார் அவர்.

எல்லாம் முடிந்த பிறகு அப்பாவும் மகளும் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினார்கள். ஒன்றுமே தெரியாது. யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அப்பா அதை ஒரே மாதிரி சொன்னார். மகள் வேலைக்குத் திரும்பினாள். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஏரித் தண்ணீர் என்று மாதிரிகள் வந்தன. அவள் பரிசோதித்து அனுப்பினாள். அழுகை வரவில்லை. திடீரென்று ஒரு நாள் வரும் பாரு என்று ஒரு தோழி சொன்னாள். ஒரு பொருள் தபாலில் வரும் என்று சொல்வதைப் போல இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை கத்திரி வந்தார். ஆய்வகத்தில் செடிகளைக் கணுக்கணுவாக நறுக்கிப் பாட்டிலுக்குள் நடுகிறவர். கையில் எப்போதும் சின்னக் கத்திரிக்கோல் இருப்பதால் அந்தப் பெயர். அம்மா வைத்த பெயர்தான். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, பேச்சுக்கு வழி தெரியாமல் தவித்தார். அப்பாவும் உதவவில்லை. கடைசியில் ஆய்வகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“பாதி அளவு போட்ட பாட்டிலெல்லாம் கிழங்கு நல்லா வெச்சிருக்குங்க அண்ணே. கால் பங்குலதான் இன்னும் அதிகமா வரும்னு மேடம் சொன்னாங்க. ஆனா அந்த அலமாரி பூரா ஒண்ணும் வெக்கல. தண்டுதான் வெள்ளை வெளேர்னு ஓடிக் கெடக்கு. முழு அளவு போட்டா எப்படி ஓடுமோ அப்படி. மேடத்துக்கே புரியல. மீடியத்துல ஏதோ மாறிப்போச்சோ என்னவோன்னு...”

அங்கேயே நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதுதான் தப்பாகப் போனது.

“அவ போட்டதா?” என்றார் அப்பா.

“அக்காதான் எல்லாம் போட்டாங்க. அதுக்கில்ல அண்ணே, எனக்கே கை மாறும்...”

“எப்ப போட்டது?”

கத்திரி மகளைப் பார்த்தார். “அவங்க விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. மூணு வாரம் இருக்கும்” என்றார் மெதுவாக.

அவர் போன பிறகு அப்பா கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு கேட்டார். “தப்பாப் போட்டுட்டாளா?”

“தெரியலப்பா.”

“தெரிஞ்சுக்க முடியுமா?”

“முடியும்.”

மறுநாள் மதியம் மகள் ஆய்வகத்துக்குப் போனாள். சின்ன வயதில் அம்மாவோடு வந்த இடம். வாசலில் செருப்பைக் கழற்றி ரப்பர்ச் செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். அம்மாவுடையது அதே கொக்கியில் தொங்கியது. யாரும் எடுக்கவில்லை. மகளும் வேறொன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பொறுப்பாளர் அவளை இருட்டறைக்குக் கூட்டிப்போனார். உள்ளே குளிர். பச்சைக் காகிதம் சுற்றிய ஒரு சின்ன விளக்கு மட்டும். பாதி அளவு அலமாரியில் பாட்டிலுக்குப் பாட்டில் உருண்டையாகத் தெரிந்தது. கால் பங்கு என்று சீட்டு ஒட்டிய அலமாரியில் தண்டுகள் மட்டும் நீண்டு, மூடியை முட்டி, மடங்கித் திரும்பிக் கீழே வந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டில் மட்டும் மிளகு அளவுக்கு ஏதோ.

“இந்த அலமாரியக் கழிச்சிடப் போறேம்மா” என்றார் பொறுப்பாளர். “பூஞ்சை விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கறேன். அக்கா பேர இதுல இழுக்க வேண்டாம்.”

“பூஞ்சை விழலையே மேடம்.”

“விழல. அதுக்காக?”

“செடி நடாத பாட்டில் இருக்குமே. அதுல ஒண்ணு குடுங்க.”

ஒவ்வொரு முறை மீடியம் காய்ச்சும்போதும் இரண்டு பாட்டில்களில் செடி வைக்காமல் மூடி ஓரமாக வைப்பார்கள். கூழ் கெட்டுப்போகிறதா என்று பார்ப்பதற்கு. பொறுப்பாளர் கால் பங்குப் பாட்டில் ஒன்றைத் தேடி எடுத்தார். ஒப்பிடுவதற்கு முழு அளவுப் பாட்டிலும் ஒன்று வேண்டும் என்றாள் மகள். அதுவும் அம்மா ஊற்றியதுதான்.

“எனக்கே இந்த வருஷம் ரெண்டு தடவை கை பழக்கத்துல போயிருக்கு” என்றார் பொறுப்பாளர், வாசல்வரை வந்து. “தினமும் முழு அளவு போட்ட கை. அது போற வழியிலதான் போகும். இத ஒரு பெரிய விஷயமா எடுத்துக்காத.”

அதுதான் கேள்வி. பஸ்ஸில் மடியில் இரண்டு பாட்டில்களோடு உட்கார்ந்து மகள் அதை யோசித்தாள். கை பழக்கமா, வேறு ஏதாவதா?

வீட்டில் அப்பாவுக்கு விளக்கிச் சொன்னாள். தழைச்சத்து தருகிற உப்புகளில் ஒன்றோடு சாம்பல்சத்தும், அதாவது பொட்டாசியமும், ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த உப்பைக் கால் பங்காகக் குறைத்தால் சாம்பல்சத்தும் கூடவே குறைந்துபோகும். அப்புறம் கிழங்கு கூடினாலும் குறைந்தாலும் எதனால் என்று தெரியாது. அதனால் ஈடுகட்டப் பொட்டாசியம் குளோரைடு என்று இன்னோர் உப்பைப் பாதி அளவு மீடியத்தில் கொஞ்சமும் கால் பங்கு மீடியத்தில் நிறையவும் சேர்க்க வேண்டும். முழு அளவு மீடியத்தில் அதற்கு வேலையே இல்லை.

“நைட்ரஜன் முழுசா இருந்து, அந்தக் குளோரைடு இல்லன்னா, அம்மா மொதல்லேர்ந்தே வழக்கமான மீடியத்தக் காய்ச்சிட்டு, மாத்திச் சீட்டு ஒட்டியிருக்காங்க. வெறும் பழக்கம். மேடம் சொல்றது சரி.”

“குளோரைடும் இருந்தா?”

“கால் பங்குதான்னு தெரிஞ்சு ஆரம்பிச்சிருக்காங்க. நடுவுல எங்கயோ தொலைஞ்சிருக்காங்க.”

அப்பா டீ டம்ளரை மேசைமேல் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டியவர். வழியில் தொலைவது என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. “அதப் பாத்துடு” என்றார்.

அடுத்த நாள் தன் வேலையெல்லாம் முடிந்த பிறகு மகள் பாட்டில்களைத் திறந்தாள். சர்க்கரை வாசனை வந்தது. நின்றுகொண்டிருந்தாள். பிறகு கூழைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கினாள். பல மடங்கு தண்ணீர் சேர்த்து மெலிதாக்கினாள். முதலில் நைட்ரஜன். நிறம் வரவழைத்துக் கருவியில் வைத்தாள். இரண்டு பாட்டிலும் ஒரே எண்ணைக் காட்டின. முழு அளவு. அதை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “எந்த ஏரியாத் தண்ணிங்க இது? இவ்வளவு நைட்ரஜன் இருக்கு. யாராவது குடிச்சாங்களா?”

“செடி குடிச்சுது.”

“செடிக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்ல. நல்லா வளந்துடுச்சு.”

குளோரைடுக்குக் கருவி வேண்டாம். அவள் தினமும் செய்கிற பழைய முறைதான். குடுவையில் மாதிரியை ஊற்றி மஞ்சள் நிறம் சேர்க்க வேண்டும். மேலே நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குளோரைடு இருக்கும்வரை மஞ்சள் மாறாது. தீர்ந்ததும் செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும்.

முழு அளவுப் பாட்டில் சீக்கிரமே சிவந்துவிட்டது. அடிப்படையில் கொஞ்சம் குளோரைடு உண்டு, அவ்வளவே. குழாயில் அந்த மட்டத்தைக் குறித்துக்கொண்டாள்.

இரண்டாவது குடுவையை வைத்தாள். சொட்டு விழுந்தது. சுழற்றினாள். மஞ்சள். குறித்த மட்டம் நெருங்கியது. வேகத்தைக் குறைத்தாள். அந்த மட்டத்தில் சிவக்க வேண்டும். சிவந்தால் அம்மா நன்றாக இருந்தாள், கை மட்டும் வழி மாறியது. யாருக்கும் நடப்பது.

மஞ்சள்.

ஒரு சொட்டு. மஞ்சள். இன்னொன்று. பிறகு சொட்டுச் சொட்டாக விடுவதற்கு அவசியமில்லாமல் போனது. குழாயைக் கொஞ்சம் திறந்தே விட்டாள். மட்டம் இறங்கிக்கொண்டே போனது. ஏறக்குறைய மூன்று மடங்கு தாண்டிய பிறகு செங்கல் நிறம் வந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும். அதேதான். கணக்குப் போட்டாள். மீடியம் அறைச் சுவரிலிருந்து குறித்துக்கொண்டு வந்த செய்முறையில் கால் பங்குக்கு எவ்வளவு குளோரைடு என்று இருந்ததோ, அதே அளவு.

குடுவைகளைக் கழுவினாள். கைகள் தம் பாட்டுக்குக் கழுவின.

பொறுப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள்.

“நடுவுல யாராவது கூப்பிட்டிருக்கலாம்மா. போயிட்டு வந்து, விட்ட எடம் தெரியாம...”

“இருக்கலாம் மேடம்.”

“இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

“முடியாது. ஆனா பூஞ்சைன்னு போடாதீங்க. தழைச்சத்து முழுசா, சாம்பல்சத்து அதிகமா. அதுல கிழங்கு வெக்கல. அதுவும் ஒரு முடிவுதானே.”

“ஆமாம்மா” என்றார் பொறுப்பாளர். “அதுவும் ஒரு முடிவுதான்.”

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசல் விளக்கின் பல்பை மாற்றிக்கொண்டிருந்தார். முக்காலியில் நின்றவர் திரும்பவில்லை. பல்பைத் திருகி முடித்தார். பழையதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். கீழே இறங்கினார்.

“இருந்துச்சா?”

“இருந்துச்சுப்பா.”

“நெறையவா?”

“போட வேண்டிய அளவு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல.”

“அதையாவது சரியாப் போட்டிருக்கா” என்றார் அப்பா.

முக்காலியை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். கை கழுவினார். மகள் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். சாப்பிட்டார்கள். பாதியில் அப்பா சொன்னார், “டாக்டர்கிட்ட சொல்லணும்.”

“இனிமே எதுக்குப்பா?”

“அவர் கேட்டார். நாம இல்லன்னுட்டோம்.”

“அதனால இப்ப என்ன மாறப்போகுது?”

“ஒண்ணும் மாறாது. ஆனா நாம சொன்னது தப்பு. அவர் அத நம்பி இன்னொருத்தர்கிட்ட, இவங்களுக்கு ஒண்ணுமே தெரியலன்னு சொல்லிக்கிட்டு இருப்பார்.”

மகள் அவர் தட்டில் சோறு வைத்தாள். அதில் தவறு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. தப்பான எண்ணைத் திருத்தி அனுப்புவது அவளும் செய்கிற வேலைதான்.

போனார்கள். வெளிநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்தார்கள். டோக்கன் கொடுத்த பெண் நோயாளி யார் என்று கேட்டாள். “நோயாளி இல்லம்மா. ஒரு பதில் பாக்கி இருக்கு” என்றார் அப்பா. அந்தப் பெண் ஏதோ எழுதிக்கொண்டாள்.

டாக்டருக்கு அவர்களை உடனே அடையாளம் தெரியவில்லை. கணினியில் தேடிப் பார்த்து, “ஆமா, ஆமா” என்றார். உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை.

“நீங்க கேட்டீங்க, முன்னாடியே தடுமாற்றம் இருந்துச்சான்னு. நாங்க இல்லன்னோம். இருந்திருக்கு டாக்டர்.”

“எப்படித் தெரிஞ்சுது?”

“உருளைக்கிழங்கு வெக்கல” என்றார் அப்பா.

டாக்டர் அவரையும் பார்த்து, மகளையும் பார்த்தார். கதவுக்கு வெளியே அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் சொல்ல ஆரம்பித்தாள். பாட்டிலில் செடி எப்படி வளர்கிறது, தழைச்சத்து கூடினால் என்ன, குறைந்தால் என்ன, எதற்காக இன்னோர் உப்பைச் சேர்க்கிறார்கள், அந்த உப்பு அங்கே இருந்ததற்கு என்ன அர்த்தம் இருக்கலாம் என்று வரிசையாகச் சொன்னாள். அம்மா போன பிறகு அவள் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. குரல் எங்கும் உடையவில்லை.

டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். “அது ஒண்ண மட்டும் வெச்சு உறுதியாச் சொல்ல முடியாது” என்றார் கடைசியில். “வேற எதுவாவும் இருக்கலாம்.”

“தெரியும் டாக்டர்” என்றாள் மகள்.

“அப்படியே சொல்லிக்குங்க” என்றார் அப்பா. “இருந்திருக்கலாம்னு. இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க.”

டாக்டர் விசைப்பலகைப் பக்கம் திரும்பினார். ஒரு வரி தட்டினார். அப்பா அது முடியும்வரை நின்று பார்த்தார். எழுத்து சின்னதாக இருந்தது. கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

“என்ன போட்டிருக்கார்?” என்று மகளிடம் கேட்டார்.

மகள் குனிந்து வாசித்துச் சொன்னாள். “‘இருந்திருக்கலாம்’னு போட்டிருக்கார்ப்பா.”